பிறக்காத பிள்ளைகளுக்குப் பால் வார்த்தவர்கள்

உலகத்திலேயே சமர்த்தான குழந்தைகள் எங்கே இருந்தார்கள் என்று என்னைக் கேட்டால், கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் என்று சொல்வேன். அந்தக் குழந்தைகள் ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழவில்லை. தோளில் கக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வா என்றால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுக்கும் அம்மாக்கள் அவர்களுக்கு இல்லை. மாதக்கணக்கில் நடந்த சோதனையின் நடுவில் ஊர் மாற்றிக்கொண்டு போகவில்லை. கொடுத்த பவுடர் பாலைக் குடித்தார்கள். தோலில் தடிப்பு வர வேண்டியவர்களுக்கு வந்தது, வரக்கூடாதவர்களுக்கு வரவில்லை. பிறகு அட்டவணையில் தத்தம் கட்டத்தில் போய்ச் சமத்தாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு குறை. அவர்களில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அவர்களை உலகத்துக்குக் கொடுத்தவர் டாக்டர் ரஞ்சித் குமார் சந்திரா. இந்தியாவில் பிறந்து, இங்கேயே மருத்துவம் படித்து, 1974இல் செயின்ட் ஜான்ஸின் மெமோரியல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். சத்துணவுக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் உள்ள உறவை ஆராய்ந்து பெரும் பெயர் எடுத்தவர். 'ஆர்டர் ஆஃப் கனடா' என்ற தேசிய விருதை மார்பில் குத்திக்கொண்டவர். அந்தத் துறைக்கே தந்தை என்று கொண்டாடப்பட்டவர். தந்தை என்று ஆன பிறகு பிள்ளைகள் இல்லாமல் எப்படி?

கதைக்குள் போகுமுன் பாலைப் பற்றி நாலு வார்த்தை. பசும்பாலில் கேசீன் என்ற புரதமும், மோர்த் தெளிவில் நிற்கும் வேறு சில புரதங்களும் உண்டு. கன்றுக்குட்டிக்காகச் செய்யப்பட்ட சரக்கு. சில குழந்தைகளின் உடம்பு இந்தப் புரதத்தைக் கண்டதும் எதிரி நுழைந்துவிட்டான் என்று போர் முரசு கொட்டிவிடும். குடித்த கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு திணறும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். இது பொய்யில்லை. அந்தக் கோலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பெற்றோரைப் பார்த்து யாரும் கிண்டல் செய்ய முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் கோபத்தில் பாதி அவர்கள் சார்பில்தான்.

கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? புரதத்தை நொதிகள் போட்டு நறுக்கினார்கள். உடம்புக்கு அடையாளமே தெரியாதபடி பொடிப்பொடியாக நறுக்கினால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உண்மையிலேயே மருந்து. ஆனால் அது கசக்கும், நாறும், விலையும் கூடும். அரைகுறையாக நறுக்கினால் ருசி கெடாது, செலவும் கட்டுப்படும். நோய் உள்ள குழந்தைக்குத்தான் அது ஆகாது. ஆனால் நோயுள்ள குழந்தைகள் எத்தனை பேர்? நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ. அந்த ஒருவரை நம்பிக் கடை நடத்த முடியுமா? மீதித் தொண்ணூற்றொன்பது பேரிடம் "உங்கள் பிள்ளைக்கு ஒவ்வாமை வராமல் தடுப்போம்" என்று சொல்லி விற்க முடிந்தால் அதுவல்லவா வியாபாரம்!

1988இல் நெஸ்லேயின் கைக்குள் இருந்த கார்னேஷன் கம்பெனி, அரைகுறையாக நறுக்கிய பாலை 'குட் ஸ்டார்ட்' என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் இறக்கியது. ஒவ்வாமை தராதது என்ற அர்த்தம் வரும் மருத்துவச் சொல்லையும் டின்னில் அடித்தது. அதை நம்பி, நிஜமாகவே பசும்பால் ஆகாத பிள்ளைகளுக்குச் சில தாய்மார்கள் புகட்டினார்கள். பிள்ளைகள் சுருண்டார்கள். அரசு விசாரித்தது. அடுத்த ஆண்டே கம்பெனி அந்தச் சொல்லை டின்னிலிருந்து எடுத்துவிட்டது. நல்ல தொடக்கம் என்று பெயர் வைத்ததற்குத் தகுந்த தொடக்கம்.

இப்போது செயின்ட் ஜான்ஸுக்கு வருவோம். 1980களில் நெஸ்லே, ராஸ், மீட் ஜான்சன் என்று பால் டின் ஜாம்பவான்கள் ஒவ்வொருவராகச் சந்திராவிடம் பணம் கொடுத்து, தங்கள் பவுடரைச் சோதித்துத் தரச் சொன்னார்கள். குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள வீடுகளில் பிறந்த சிசுக்களைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு மேரிலின் ஹார்வி என்ற நர்சு அமர்த்தப்பட்டார். தேடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும் அதன் பாடு. அப்பா அம்மாவுக்கு ஒவ்வாமை இருக்க வேண்டும், பிள்ளை சரியான நேரத்தில் பிறக்க வேண்டும், குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டவர்கள் நிலைக்க வேண்டும். அந்த அம்மாள் இன்னும் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆராய்ச்சி முடிவு பத்திரிகையில் அச்சாகி வந்துவிட்டது. பெண் பார்க்கப் போனவள் வீடு திரும்புமுன் பேரனுக்குக் காது குத்தியாயிற்று.

ஒரு நர்சுக்கு எண்ணத் தெரியும். அவருடைய படிப்பிலேயே அது இருக்கிறது. மாத்திரையை எண்ண வேண்டும், நாடியை எண்ண வேண்டும், அறுவை முடிந்ததும் பஞ்சை எண்ண வேண்டும். அவர் பிள்ளைகளை எண்ணினார். கணக்கு உதைத்தது. பல்கலைக்கழகத்திடம் போய்ச் சொன்னார்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது. மூலப் பதிவேடுகள் கிடைக்கவில்லை. இத்தனை வேலையையும் யார் செய்தார்கள் என்று காட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆய்வில் முறைகேடு நடந்திருக்கிறது என்று 1995இல் குழு எழுதிக் கொடுத்தது. சந்திரா மறுத்தார், வழக்குப் போடுவேன் என்றார். பல்கலைக்கழகம் அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். அதற்குக் கொஞ்சம் சோறாவது வேண்டும். இங்கே வெறும் தட்டில் மறைத்தார்கள். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் இல்லை. அதைப் படித்து மருந்து எழுதும் டாக்டர்களுக்கு ஒரு வரி இல்லை. பேராசிரியர் பேராசிரியராகவே நீடித்தார். புகார் சொன்ன நர்சுதான் புகார் சொன்னவர் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சின்ன ஊரில் நடமாட வேண்டியிருந்தது.

கேள்வி கேட்காவிட்டால் கை சும்மா இருக்குமா? அடுத்து கிழவர்களின் முறை. தாம் காப்புரிமை வாங்கிய வைட்டமின் கலவையைச் சாப்பிட்ட முதியவர்களுக்கு நினைவாற்றல் கூடியது என்று ஒரு கட்டுரை எழுதி 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு அனுப்பினார். புள்ளிவிவரத்தைப் பார்த்தவர்களுக்கு மூக்கு வியர்த்தது. அந்த இதழ் திருப்பி அனுப்பியதோடு பல்கலைக்கழகத்திடம் விளக்கமும் கேட்டது. அதே சரக்கை 2001இல் 'நியூட்ரிஷன்' என்ற இன்னோர் இதழ் வெளியிட்டது. 2005இல் திரும்பப் பெற்றது. சந்திரா 2002லேயே வேலையை விட்டுப் போய்விட்டார்.

2006இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி மூன்று பகுதிகளாக எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டது. அவர் 13 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். மானத்துக்கு இத்தனை விலை வைத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. 2015 ஜூலையில் நடுவர் குழு சிபிசி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவாக 16 லட்சம் டாலர் சந்திராதான் கட்ட வேண்டும் என்று ஆயிற்று. இதில் வேடிக்கை, அந்த வழக்கை அவர் போடாமல் இருந்திருந்தால் 1995இன் அறிக்கை இன்னும் அலமாரியிலேயே இருந்திருக்கும். பல்கலைக்கழகத்தின் பூட்டை உடைத்தது அவருடைய ரோஷம்தான். 1989இல் வெளியிட்ட குழந்தைப் பால் கட்டுரையை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2015 அக்டோபரில் திரும்பப் பெற்றது. இருபத்தாறு வருடம். அதே வருடக் கடைசியில் 'ஆர்டர் ஆஃப் கனடா' விருதும் பறிபோனது.

இருபத்தாறு வருடம் அந்தக் கட்டுரை என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா இருக்கவில்லை. மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கணக்குகளிலும் போய்க் கலந்தது. தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிக்க நம் ஊர்ப் பால்காரரிடமே ஒரு குழல் மானி இருக்கிறது. ஆராய்ச்சியில் கலந்த பொய்யைக் கண்டுபிடிக்க அப்படி ஒன்று இல்லை. 2016இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் நறுக்கிய புரதப் பால் பற்றிய 37 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வாமையைத் தடுக்கிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றார்கள்.

இடையில் அமெரிக்காவில் இன்னொரு கூத்து. மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போய், எங்கள் பால் தோல் அரிப்பைக் குறைக்கும் என்று எழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று நெஸ்லே நச்சரித்தது. 2011இல் அனுமதி கிடைத்தது. எப்படி? இதற்கு அறிவியல் சான்று சொற்பமே என்ற வாசகத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு மாப்பிள்ளைக்கு நற்சான்றிதழ் கேட்டால், "இவர் ஒழுக்கமானவர், அதற்கு ஆதாரம் அவ்வளவாக இல்லை" என்று எழுதிக் கொடுத்த மாதிரி. சாதாரணமானவன் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வான். நெஸ்லேயின் கெர்பர் கம்பெனி அதற்குத் தங்க நிறத்தில் முத்திரை அச்சடித்து விளம்பரம் செய்தது. ஒவ்வாமை வராமல் காக்கும் என்று பொய் விளம்பரம் செய்வதாக 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையமே வழக்குப் போட வேண்டியதாயிற்று.

தடுப்பேன் என்று சொல்லி விற்க முடியாதபோது இன்னொரு வழி இருக்கிறது. உன் பிள்ளைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லி விற்பது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. இங்கிலாந்தில் அதைக் கொஞ்சம் திருத்தினார்கள். அழுத பிள்ளைக்குப் பால் ஆகாது. அழுகிறதா? பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம். கக்குகிறதா? இருக்கலாம். வயிறு இளகிப் போகிறதா? இருக்கலாம். மலம் கட்டிக்கொண்டதா? அதுவும் இருக்கலாம். தோலில் சொரசொரப்பா? சந்தேகமே வேண்டாம். இந்தப் பட்டியலில் அகப்படாத கைக்குழந்தையை நான் தேடுகிறேன், செயின்ட் ஜான்ஸின் பிறக்காத பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் தேற மாட்டார்கள். ஆறு வாரப் பிள்ளை அழுதுதான் தீரும். அழுகை உச்சத்துக்குப் போகும் வயசே அதுதான். ஓரிரண்டு மாதத்தில் தானாக அடங்கும். அந்தச் சமயத்தில் எந்த டின்னைத் திறந்திருந்தாலும் அந்த டின்தான் அழுகையை நிறுத்தியது என்று ஆகிவிடும்.

நம் வீட்டுக் கிழவிகளும் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், தொக்கம் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். பிள்ளை அழுது ஓய்ந்ததும், பார்த்தாயா என்பார்கள். விஞ்ஞானப்படி அதுவும் தப்புதான். ஆனால் எந்தக் கிழவியும் மிளகாய் மண்டிக்காரரிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உரம் பார்த்ததில்லை.

அங்கே பார்த்தார்கள். பசும்பால் ஒவ்வாமையை எப்படிக் கண்டறிவது என்று டாக்டர்களுக்குச் சொல்லித்தரும் ஒன்பது வழிகாட்டு நூல்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ இதழில் வந்தது. மூன்றுக்குப் பால் பவுடர் கம்பெனிகளோ விற்பனை ஆலோசகர்களோ நேராகக் காசு கொடுத்திருந்தார்கள். ஒன்பதையும் எழுதியவர்களில் 81 சதவீதம் பேர் பால் பவுடர் கம்பெனிகளோடு பண உறவு உள்ளவர்கள் என்று தாங்களே சொல்லியிருந்தார்கள். பூனைகள் கூடி உறிக்கு எவ்வளவு உயரம் தேவை என்று தீர்மானம் போட்ட மகாநாடு அது.

பலன்? டாக்டர் கிறிஸ் வான் டுலக்கன் 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்கைப் போட்டுக் காட்டினார். 2006இல் இங்கிலாந்தில் ஒவ்வாமைக்கான சிறப்புப் பால் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டுகள் 1,05,029. 2016இல் ஆறு லட்சத்துக்கு மேல். அரசு மருத்துவ சேவைக்கு ஆன செலவு 81 லட்சம் பவுண்டிலிருந்து ஆறு கோடிக்கு மேல் போயிற்று. பத்து வருடத்தில் இங்கிலாந்துக் குழந்தைகளின் உடம்பு மாறிப்போனதா? முறையாகச் சோதித்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் பசும்பால் ஒவ்வாமை சராசரியாக ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதில் எனக்கு ரத்தம் கொதிப்பது பணத்துக்காக அல்ல. பணம் போனால் வரியில் வசூல் செய்துகொள்வார்கள். கொதிப்பது அந்தத் தாயை நினைத்து. தூக்கம் கெட்டு, முலைக்காம்பு வெடித்து, தன் பாலைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பேன் என்று உட்கார்ந்திருப்பவளிடம் போய், நீ குடித்த ஒரு டம்ளர் காப்பியில் இருந்த பால்தான் உன் மார்பு வழியாக வந்து பிள்ளையை வதைக்கிறது என்று சொல்கிறார்கள். பால் விடு, தயிர் விடு, வெண்ணெய் விடு. அவளும் விடுகிறாள். பிள்ளை மறுபடி அழுகிறது. எங்கேயோ ஒரு பிஸ்கட்டில் பால் பவுடர் இருந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொள்கிறாள். கடைசியில் என் பாலே விஷம் என்று டின்னுக்குப் போகிறாள். ஆனால் தாய்ப்பாலுக்குள் வந்து சேரும் பசும்பால் புரதம் அணுவளவு. குடித்தவுடன் தடிப்பு வரும் வகை ஒவ்வாமை நிஜமாகவே உள்ள பிள்ளைகளில்கூட, நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அந்த அளவு ஒன்றும் செய்யாது என்று அதே 2020 கட்டுரை சொல்கிறது. ஒரு தாயிடம் அவள் பாலைப் பற்றியே சந்தேகத்தை விதைத்துவிட்டு, அந்த வயலில் டின் அறுவடை செய்கிறவனை நம் ஊரில் என்ன பெயர் சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

சரி, அந்தத் தாய்ப்பாலில் என்னதான் இருக்கிறது? இங்கேதான் விஷயம் அழகாகிறது. லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருப்பது ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள். 150, 200 வகை வரை எண்ணியிருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளையால் செரிக்க முடியாது. துளிகூட முடியாது. தன் ரத்தத்தை வடித்து, பிள்ளைக்கு உதவாத ஒன்றை ஒரு தாய் ஏன் செய்ய வேண்டும்? அது பிள்ளைக்கு அல்ல, பிள்ளையின் குடலில் குடியிருக்கும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கு. தாய்ப்பால் குடித்த சிசுவின் மலத்தில் அந்த நுண்ணுயிரைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே கண்டுபிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில். அதில் இன்ஃபான்டிஸ் என்ற வகை இந்தச் சங்கிலிகளை அப்படியே விழுங்கி, குடலைப் புளிப்பாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது. அதாவது தாய் பந்தியில் பிள்ளைக்கு ஓர் இலை போடும்போதே, பிள்ளை வயிற்றில் இருக்கும் விருந்தாளிக்கும் ஓர் இலை போடுகிறாள்.

பார்த்தார்கள் டின் பால்காரர்கள். 200 வகையில் ஒரு வகையை, மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து உற்பத்தி செய்தார்கள். பவுடரில் கலந்தார்கள். அமெரிக்காவில் 2016இல் கடைக்கு வந்தது. இப்போது சில டின்களில் நாலைந்து வகைகூட இருக்கிறதாம். தாய்ப்பாலுக்கு இதைவிட நெருக்கமாக யாரும் வந்ததில்லை என்று விளம்பரம். இலையின் ஓரத்தில் உப்பை வைத்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு முடிந்தது, மொய் எழுதுங்கள் என்கிற கதை.

2023இல் 'லான்செட்' இதழ் போட்ட கணக்கின்படி இந்த வியாபாரம் வருடத்துக்கு 5,500 கோடி டாலர். இந்தியாவில் இந்தப் பவுடரை விளம்பரம் செய்வதும், டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதும், அவர்களின் மகாநாட்டுக்குச் செலவு செய்வதும் சட்டப்படி குற்றம். 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட நல்ல சட்டம். எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள், நர்சிங் ஹோமில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். லெட்டர்பேடு இல்லை, கையெழுத்து இல்லை, பென்சிலில் டின்னின் பெயர் மட்டும். அதை விளம்பரம் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. "எதற்கு டாக்டர்?" என்று கேட்டாளாம். "பிள்ளை அழுதால்" என்றாராம்.

மேலே நான் வாய் ஓயாமல் மேற்கோள் காட்டிய பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். பிறக்காத பிள்ளைகளின் கட்டுரையை அச்சிட்டது அதுதான். பால் பவுடர் விளம்பரங்களை இனி வாங்கமாட்டோம் என்று அது சொன்னது 2019இல்.

மேரிலின் ஹார்வி செயின்ட் ஜான்ஸில் நிஜமாகத் தேடிப் பிடித்த கொஞ்சம் பிள்ளைகள் இருந்தார்களே, அழுத, கக்கிய, எடை பார்க்கும் தட்டிலேயே மூத்திரம் போன பிள்ளைகள், அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். சிலர் கையில் கைக்குழந்தை இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அது அழும். தூக்கம் கலைந்த கண்களோடு செல்போனைத் தேய்ப்பார்கள். ஏன் அழுகிறது என்று கேட்டால் போதும், ஒரு கேள்விப் பட்டியல் வந்து நிற்கும். கக்குகிறதா, ஆம். தோலில் தடிப்பா, கொஞ்சம். குடும்பத்தில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா? உண்டு. அதற்காகத்தானே அன்றைக்கு அவர்களையே தேடி வந்தார்கள்.